ஆன்மாவைக் கட்டிய கயிறு

பூடகமான படங்களுக்கும் சிலைகளுக்கும் பேர்போன ஓவியர் தேவசகாயம், மருதங்குளம் ஜமீன்தாருக்கு ஒரு வெண்கலச் சிலை செய்து அனுப்பியிருந்தார். கண்மூடி நிற்கும் ஒரு பெண். அவள் இடுப்பைச் சுற்றி ஒரு கயிறு.

"இந்தக் கயிறுதான் ஆன்மாவின் கட்டு. ஞானம் உள்ளவனுக்கே விளங்கும்" என்று வருகிறவர்களிடமெல்லாம் ஜமீன்தார் மணிக்கணக்கில் பிரசங்கம் செய்தார்.

ஓவியர் விருந்துக்கு வரும் நாளில், ஜமீன்தார் பாத்திரம் துலக்கும் சொர்ணத்தைக் கூப்பிட்டார். "சிலை பளபளன்னு இருக்கணும். கயிற்றுக்கு அடியிலகூடக் களிம்பு இருக்கக் கூடாது. ஆனா கயிற்றைத் தொட்டே, உன் வேலை போச்சு!"

சொர்ணம் புளி போட்டுத் தேய்த்தாள். கயிற்றுக்கு அடியில் விரல்கூட நுழையவில்லை. அப்போதுதான் பின்பக்க முடிச்சைக் கவனித்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

விருந்தாளிகள் கூடியதும் ஜமீன்தார் உறுமினார்: "இங்கே மட்டும் ஏன் களிம்பு?"

"எஜமான், ஆன்மாவோட கட்டை அவிழ்க்க எனக்கு ஏது ஞானம்? கட்டினவங்களே அவிழ்த்துவிட்டா நொடியில துலக்கிடுவேன்" என்றபடி சொர்ணம் ஓவியரைப் பார்த்தாள்.

ஓவியர் குனிந்து பார்த்தார். "அட, இது சிலை வண்டியில உருளாம இருக்க நான் கட்டின தேங்காய்நார்க் கயிறு! இன்னுமா அவிழ்க்கலை?"

கூடம் சிரிப்பில் குலுங்கியது. அன்றிலிருந்து யாராவது சிலைக்கு அர்த்தம் கேட்டால், ஜமீன்தார் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சொர்ணத்தைக் கேளுங்க" என்பார்.