மறுத்தவர் பேரு

ஒரு ஊர்ல ஒரு வாய் இருந்துச்சாம். சிரிக்காதே, வாய்தான். கலிலேயான்னு ஒரு மலைநாடு, அங்க யூதருங்க ஊரு. அந்த வாய்க்குச் சொந்தக்காரர் பேரு பெரேகியா. 'ம்' கொட்டு, இல்லேன்னா நிறுத்திடுவேன்.

ஆங். அந்த ஜனங்களுக்கு வேதம் ரெண்டு வகை. ஒண்ணு தோல் சுருள்ல எழுதினது. இன்னொண்ணு, அதுக்குப் பெரியவங்க சொன்ன விளக்கம். அந்த விளக்கத்தை எழுதவே கூடாதாம்! வாயால சொல்லி, காதால வாங்கி, மனசுல வெச்சுக்கணும். அதுக்குன்னே சில பேர் இருந்தாங்க. யார் சொன்னாங்க, யார் மறுத்தாங்க, தோத்தவங்க பேரைக்கூட விடாம கடகடன்னு ஒப்பிப்பாங்க.

அப்புறம் ரோமாக்காரனோட சண்டை வந்துச்சு. ஒப்பிக்கறவங்க ஒவ்வொருத்தரா செத்துப் போனாங்க. பெரேகியா ஒருத்தர்தான் மிச்சம். அவர் பொண்டாட்டி தீர்சாவுக்கு எப்பவும் அதே கவலைதான். இந்த மனுஷனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா அத்தனையும் போச்சே! அவர் தும்மினாக்கூட ஓடி வருவா.

ஒரு நாள் டொக் டொக்னு குதிரைச் சத்தம். சிப்பாய்ங்க! தீர்சா அவரைத் தானியக் குழிக்குள்ள தள்ளி, மேல வைக்கோலைப் போட்டா. மனுஷன் சும்மா கெடக்கலாம்ல? உள்ளேர்ந்து முணுமுணுன்னு ஒப்பிக்கறார்! அந்தச் சத்தம் வெளியே கேக்காம இருக்க, தீர்சா மாவரைக்கற கல்லைப் பிடிச்சு, தானியமே போடாம கரகரன்னு சுத்தினா. சிப்பாய்ங்க போற வரைக்கும் அவ உயிர் அவகிட்ட இல்ல.

அப்புறம் பெரேகியாவுக்குக் காய்ச்சல். வெடவெடன்னு நடுங்கறார்.

"ஏங்க, எழுதி வெச்சுடலாங்க. எங்கப்பா சுருள் எழுதினவர்தானே, எனக்கும் எழுத்து வரும்."

"வாயை மூடு. எழுதறது பாவம்."

ம்... முழிச்சிருக்கியா? சரி.

காய்ச்சல் விட்டுச்சு. காலையில அவர்கிட்டப் பாடம் கேக்கறவங்கள்லாம் வந்து உக்காந்தாங்க. பெரேகியா கண்ணை மூடி ஆரம்பிச்சார். "வழிதவறி வந்த ஆட்டை ஒருத்தர் வெச்சு வளர்க்கறார், அது குட்டி போடுது. குட்டி ஆட்டுக்காரருக்கேன்னு எலியாப் சொன்னார். இல்ல, புல்லு போட்டவருக்குன்னு சொன்னவர்... சொன்னவர்..."

தட்னு நின்னுடுச்சு.

எல்லாரும் காத்திருந்தாங்க. யாருக்கும் தெரியல. சுவத்துக்கு அந்தாண்டை வருஷக்கணக்காக் கேட்ட தீர்சாவுக்கும் தெரியல. அந்தப் பேரு போயே போச்சு. வந்தவங்க தலையைக் குனிஞ்சுக்கிட்டு எழுந்து போனாங்க.

பெரேகியா தேம்பித் தேம்பி அழுதார். "பேரை மறந்து ஒரு மனுஷனையே கொன்னுட்டேன், தீர்சா."

தீர்சா சட்னு எழுந்தா. இன்னிக்குப் பேரு, நாளைக்குப் பேச்சே போயிடுமே! விடுவிடுன்னு போய் மசியும் நாணல் பேனாவும் தோலும் எடுத்துட்டு வந்தா.

"எழுதாதே. கூடாது."

"கூடாதுன்னு நீங்க மறுக்கறீங்க. மறுத்தவர் பேரையும் சேர்த்துச் சொல்றதுதானே உங்க வழக்கம்? அப்போ அதையே மொதல்ல எழுதறேன்."

சரக் சரக்னு எழுதினா. 'எழுதலாம்னு தீர்சா சொன்னாள். கூடாதுன்னு பெரேகியா சொன்னார்.' எழுதி, அவர் முன்னால வெச்சா. கிழிச்சுப் போடுவாரோன்னு தோலோட ஓரத்தை விடாம பிடிச்சுக்கிட்டா.

அவர் தன் பேரையே பார்த்தார். அப்புறம் மெதுவா, "ஆட்டுக்குட்டிக்கு வா. எலியாப் பேரை எழுது. மறுத்தவருக்கு இடம் விடு" அப்படின்னார்.

அவளும் இடம் விட்டா. அந்த இடம் கடைசி வரைக்கும் நிரம்பல. அது கண்ணுல படறப்பல்லாம் தீர்சாவுக்குப் பதறும். மசி தொட்டுக்கிட்டு, "அடுத்தது சொல்லுங்க, சீக்கிரம் சொல்லுங்க"ம்பா.

என்ன, 'ம்' சத்தத்தையே காணோம்? கதை சுருள்ல சுருண்டுக்கிச்சு. நீயும் போர்வைக்குள்ள சுருண்டுக்கோ, கண்ணு.