இரண்டு வீட்டுச் சாப்பாடு

நேராக விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு வீட்டில் அடுப்பு எரிந்தது, இரண்டிலும் சோறு இருந்தது. ஆனாலும் ஒரு மனுஷன் பட்டினி கிடந்தார். எப்படி?

சிவகாசியில் அச்சாபீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர் அழகுமணி. மனைவி பேச்சித்தாய். பின்தெருவில் குருசாமி, கூட வேலை பார்த்த சிநேகிதர். மனைவி இறந்தபின் தானே சமைத்துக்கொள்கிறவர். சாயங்காலமானால் அழகுமணி அங்கே போய்விடுவார். இரண்டு பேரும் குடிப்பார்கள்.

ஒருமுறை குருசாமி ஈரல் வறுத்துக் கொடுத்தனுப்பினார். அழகுமணி ஒரு வாய் போட்டுவிட்டு, "அடடா!" என்றார். அவ்வளவுதான். பேச்சித்தாயின் சமையலுக்கு ஒரு நாளும் கிடைக்காத "அடடா" அது. கிண்ணத்தைக் கழுவாமலே திருப்பி அனுப்பினாள். அன்றோடு குருசாமியிடம் பேச்சு நின்றது.

குருசாமிக்கு மட்டும் எரிச்சல் இல்லையா? இருந்தது. அழகுமணிக்குத் தட்டு வைத்துக் காத்திருக்க ஒருத்தி இருக்கிறாளே என்று.

அழகுமணிக்குக் குடித்தால் பசிக்காது. குருசாமி முட்டைப் பொரியலை நீட்டினால், "வேண்டாம்ப்பா, வீட்ல அவ அயிரை மீன் குழம்பு வச்சிருக்கா" என்பார்.

"போ போ, கொடுத்து வச்சவன்" என்று குருசாமி முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

வீட்டுக்கு வந்தால், "குருசாமி வீட்லயே சாப்பாடு ஆச்சு" என்பார். பேச்சித்தாய் தட்டை டொக்கென்று மூடுவாள். "அங்க இன்னைக்கு என்ன கறியோ?"

உண்மையில் அவர் வயிற்றுக்குள் போனது நாலு கடலை, ஒரு துண்டு ஊறுகாய். காலையில் தலை கனக்கும், காபியோடு சரி. மதியம் இரண்டு வாய் ரசம் சோறு.

இடுப்பில் அரைஞாண்கயிறு நழுவியது. பேச்சித்தாய் இறுக்கிக் கட்டிவிட்டாள். மறுபடியும் நழுவியது, மறுபடியும் கட்டினாள். "கண்ட வீட்ல தின்னா உடம்புல ஒட்டுமா?"

ஒரு காலையில் குழாயடியில் மயங்கி விழுந்தார். சேதி கேட்டுக் குருசாமியும் ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தார். டாக்டரம்மா, "இவர் ஒழுங்கா சாப்பிட்டே ரொம்ப நாளாச்சு. இந்த வயசுல வெறும் வயித்துல குடிச்சா உயிருக்கே ஆபத்து. யார் இவருக்குச் சாப்பாடு போடறது?" என்றார்.

"இந்தா நிக்கிறாரே, இவர்தான்" என்றாள் பேச்சித்தாய்.

"நானா? மதினிதான்!" என்றார் குருசாமி.

கட்டிலில் கிடந்த அழகுமணி கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

பொய் சொன்னவர் ஒருவர். ஊற்றிக் கொடுத்தவர் ஒருவர். தட்டை மூடியவள் ஒருத்தி. சொல்லுங்கள், அழகுமணியைப் பட்டினி போட்டது யார்?

பதில்: நான் பேச்சித்தாய் என்பேன். கோபம் வந்தால் வரட்டும். அழகுமணி சொன்னது பொய்தான், குருசாமி ஊற்றியதும் தப்புதான். ஆனால் பொறாமை பிடித்த இரண்டு பேருக்கும் அந்தப் பொய் ருசியாக இருந்தது, அதனால் நம்பினார்கள். அதிலும் குருசாமி பார்த்தது சட்டை போட்ட ஆளை. இடுப்பு இளைத்ததைக் கையால் தொட்டுப் பார்த்தவள் பேச்சித்தாய் ஒருத்திதான். அப்போதும் அவள், "சாப்பிட்டீங்களா?" என்று கேட்கவில்லை. யார் வீட்டில் சாப்பிட்டார் என்பதுதான் அவளுக்குக் கவலை.