கூழ் தெறித்த முட்டை

அந்தக் காலத்தில் ஆள்காட்டிக் குருவி பேசும். பேசும் என்ன, வாயே மூடாது. அதன் முட்டையும் இன்றுபோலக் கறை விழுந்ததல்ல, பால் வெள்ளை.

அது குடியிருந்த பாறைக் கரட்டில் ஒரு சண்டை. ஊர் மாடுகளை மீட்கப் போன நாற்பது பேர் செத்தார்கள். விழுந்த இடத்திலேயே புதைத்துவிட்டு, படைத்தலைவன் குருவியிடம் சொன்னான்: "நடுகல் செதுக்கிக்கொண்டு வருகிறோம். எவன் எங்கே கிடக்கிறான் என்று அதுவரை நீ நினைவு வைத்திரு."

குருவி ஒவ்வொருவன் தலைமாட்டிலும் ஒரு சிறு கல்லை வைத்தது. சிவப்புக் கல் இன்னான், வரி ஓடிய கல் இன்னான் என்று மனப்பாடம் செய்தது. பாவம், ஒழுங்காகத்தான் செய்தது.

ஆனால் அது முட்டையிடும் பருவம். வெட்டவெளியில் நாலு வெள்ளை முட்டை. மேலே பருந்து வட்டமிட்டது. குருவி பதறிப்போய் அந்தக் கற்களையெல்லாம் பொறுக்கி வந்து முட்டைகளைச் சுற்றிக் குவித்துவிட்டது. பருந்து போன பிறகுதான் உறைத்தது. எந்தக் கல் எங்கிருந்து வந்தது? அதற்குள் மழையும் பெய்து மண்மேடுகளைக் கரைத்துவிட்டது.

செத்தவர்களில் ஒருவனான மாசனின் மனைவி குருந்தாயி, கேழ்வரகுக் கூழோடு வந்தாள். "என் வீட்டுக்காரர் எங்கே?"

"அந்த வேலமரத்தடியில். இல்லை, பாறை ஓரம். கொஞ்சம் இரு, அங்கேயும் இல்லையோ?"

படைத்தலைவன் ஒரே பெரிய கல்லோடு வந்து சேர்ந்தான். அதில் நாற்பது வாள் செதுக்கியிருந்தது. "இடம் தெரியாவிட்டால் என்ன, தாயி? எல்லாருக்கும் சேர்த்து நடுவில் நட்டுவிடலாம். படையில் எல்லாரும் ஒன்றுதான்."

"உங்களுக்கு ஒன்றுதான், ஐயா. இந்தக் கூழை நான் யார் தலைமாட்டில் ஊற்றுவேன்? அவர் பசியோடு போனார்."

படைத்தலைவன் கல்லை எந்தப் பக்கம் பார்த்து நடுவது என்று தெரியாமல் நின்றான்.

குருந்தாயி குவியலருகே உட்கார்ந்து ஒவ்வொரு கல்லின் மேலும் கூழைத் தெளித்தாள். "நீங்களா? நீங்களா?" என்று கேட்டுக்கொண்டே போனாள். கண்ணீர் கண்ணை மறைத்தது. முட்டைகளின் மேலும் தெளித்தாள். அவை முட்டை என்று சொல்லத்தான் குருவி வாயைத் திறந்தது. மனம் வரவில்லை.

"இவரா?" என்றாள் அவள்.

"இருக்கலாம்" என்றது குருவி. அதற்குப் பிறகு அது பேசவே இல்லை.

அன்று முதல்தான் ஆள்காட்டியின் முட்டையில் அந்தக் கருங்கறை. கரட்டில் யார் கால் வைத்தாலும் அது கத்திக்கொண்டு ஓடி வருகிறது. காலடியில் கிடப்பது தன் குஞ்சா, குருந்தாயியின் ஆளா என்று அதற்கு இன்னும் தெரியவில்லை.