சாவுக் காட்சியில் சிரிப்பு

தியேட்டர் கேன்டீனில் டீ போடும் செல்லக்கனியும், டிக்கெட் கிழிக்கும் அவள் சிநேகிதி அன்னத்தாயும் அங்கே ஓடும் படத்தைப் பற்றி வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

“மோசமான படத்துல என்னடி சந்தோஷம்?” என்றாள் அன்னத்தாய்.

“வயிறு வலிக்கச் சிரிச்சேனே!” என்றாள் செல்லக்கனி.

பின்னால் நின்று இதைக் கேட்டவர், அந்தப் படத்தை எடுத்து, நாயகனாகவும் நடித்த வஜ்ரவேலு.

“என் சோகப் படத்துக்குச் சிரிச்சியா? முதலாளிகிட்டச் சொல்லி உன் வேலையைப் பறிக்கிறேன் பார்!” என்று குதித்தார்.

செல்லக்கனி டீ கிளாஸைக் கீழே வைத்தாள். “ஐயா, ஒரு தடவை ஜனத்தோட உக்காந்து பாருங்க. நீங்க அழுதா நானே வேலையை விட்டுப் போயிடறேன்” என்றாள்.

மீசையை முறுக்கிக்கொண்டு உள்ளே போனார். திரையில், நெஞ்சில் குண்டு பாய்ந்த வஜ்ரவேலு கால் மணி நேரமாக வசனம் பேசினார்.

“சீக்கிரம் சாவுய்யா, பஸ் போயிடும்!” என்று யாரோ கத்த, சிரிப்பில் தியேட்டரே அதிர்ந்தது.

வெளியே வந்தவரின் கண்ணில் நீர். செல்லக்கனிக்குத் திக்கென்றது.

“பயப்படாதம்மா, சிரிச்சதுல வந்த தண்ணி” என்றார் அவர். “படம்தான் போச்சு, உன் வேலை போகாது.”

செல்லக்கனிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.