டீனி பட்டம்

புலியூத்துக் காட்டில் ஒரு குளம் இருந்தது. பாறை இடுக்கிலிருந்து கசிந்து வரும் ஊற்றுதான் அதற்குத் தண்ணீர் கொடுத்தது.

அந்தக் காட்டுக்குப் பச்சையம்மா என்ற கிளி திரும்பி வந்தாள். மூன்று மாதம் ஒரு பங்களாக் கூண்டில் இருந்துவிட்டுத் தப்பி வந்தவள். வாயைத் திறந்தால் இங்கிலீஷ்தான்!

கரையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த மூஞ்சூறு முத்தாயியைப் பார்த்ததும், "அடடா! டீனி!" என்று கொஞ்சினாள்.

முத்தாயிக்குத் தலைகால் புரியவில்லை. பிறந்ததிலிருந்து "ஏய்", "தள்ளு", "மிதிபடப் போறே" என்பதைத் தவிர வேறு அழைப்பைக் கேட்டறியாதவள் அவள். இப்போது இங்கிலீஷில் ஒரு பட்டம்! வாலைத் தூக்கிக்கொண்டு குளத்தை மூன்று சுற்று சுற்றி வந்தாள்.

யானை கொம்பையாவுக்குப் பொறுக்கவில்லை.

"இந்தக் காட்டுல பட்டம்னா அது எனக்குத்தான்! இன்னையிலேருந்து நான்தான் டீனி! அவளை எவனாவது அப்படிக் கூப்பிட்டா நசுக்கிப்புடுவேன்!"

பச்சையம்மா ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். அவன் காலின் பருமனைப் பார்த்தாள். பேசாமல் மூடிக்கொண்டாள்.

அன்றுமுதல் காடே "டீனி அண்ணே, வணக்கம்!" என்றது. கொம்பையா நெஞ்சை நிமிர்த்தி நடந்தான். முத்தாயி புதருக்குள் போய் அழுதாள். கிடைத்த ஒரே பேரும் போயிற்றே!

கோடை வந்தது. ஒருநாள் ஊற்று நின்றுபோனது. இடுக்கின் உள்ளே சருகும் மண்ணும் அடைத்துக்கொண்டிருந்தன. நாலே நாளில் குளம் சேறானது. மான்குட்டிகள் நாக்கைத் தொங்கவிட்டு நின்றன.

பச்சையம்மா இடுக்கை எட்டிப் பார்த்தாள். அணில்கூட நுழைய முடியாது. "உள்ளே போய் எடுக்கணும். டீனியாலதான் முடியும்!" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டாள்.

"கேட்டீங்களா? எல்லாரும் தள்ளுங்க!" என்றான் கொம்பையா. துதிக்கை நுனியை இடுக்கில் திணித்தான். பாறை நறுக்கென்று கிள்ளியது. "ஐயோ! அம்மா!" இழுத்த இழுப்பில் பொத்தென்று சேற்றில் உட்கார்ந்தான்.

முத்தாயி புதரிலிருந்து வந்தாள். "அக்கா, உண்மையைச் சொல்லுங்க. டீனின்னா என்ன?"

"துக்குணூண்டுன்னு அர்த்தம்டி! ரொம்பச் சின்னதைப் பார்த்தா செல்லமாச் சொல்றது. பங்களாவுல குழந்தையோட சுண்டுவிரலைப் பிடிச்சுக்கிட்டுச் சொல்வாங்க. ஆபீஸ் கடுதாசியில எல்லாம் எழுத மாட்டாங்க."

குரங்குகள் விழுந்து விழுந்து சிரித்தன. கொம்பையா காதால் முகத்தை மூடிக்கொண்டான்.

முத்தாயிக்கு ஒரு கணம் சுருக்கென்றது. துக்குணூண்டா? இவ்வளவுதானா? பிறகு இடுக்கைப் பார்த்தாள். தன் உடம்பைப் பார்த்தாள். பெருமை பொங்கிக்கொண்டு வந்தது.

"அப்போ அது என் பேருதான்! திருப்பிக் குடுங்க அண்ணே!"

விருட்டென்று உள்ளே நுழைந்தாள். பறித்தாள், கடித்தாள், இழுத்தாள். சருகு சருகாக வெளியே வந்தது. கடைசிச் சருகோடு தண்ணீர் பீறிட்டது. தொப்பலாக நனைந்த முத்தாயியும் அதோடு வந்து விழுந்தாள்!

மான்குட்டிகள் ஓடி வந்தன. கொம்பையா துதிக்கையை நீட்டி எல்லோரையும் நிறுத்தினான்.

"முதல்ல நீ குடி, டீனி!" என்றான்.

தன் அளவை அறிந்து அதில் தலைநிமிர்ந்து நிற்பவருக்கே பட்டம் பொருந்தும். பறித்துக்கொண்ட பட்டம் யாரையும் பெரியவராக்காது.