கதவைத் தட்டுவது யார்?

ஒரே ஒரு ஊரிலே, ஊரே சிரிக்கும் ஒரு டிவி தொடர் ஓடிக்கொண்டிருந்ததாம். எழுதியவர் சகாயம். நூறு வாரம் கழித்து, அவர் பெயர் முதன்முதலாகத் திரையில் வரவேண்டும். அன்றைக்குப் பார்த்து நாயகன் ரத்னகுமார், பெயர்ப் பட்டியல் டைப் செய்யும் வேம்புவிடம் வந்தார்.

"எழுத்துன்னு என் பேரைப் போடு. இல்லன்னா உனக்கு இங்க வேலை இல்ல."

"போட்டுடறேன் சார். போன வாரம் யாரோ கதவைத் தட்டுறதோட முடிச்சீங்களே, வர்றது யாரு? நடிக்கிறவங்க பேரையும் சேர்க்கணும்."

நாயகன் திரும்பி, "யோவ் சகாயம், யாருய்யா தட்டுறது?" என்று கத்தினார்.

செட்டே சிரித்தது. நாயகனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"சரி, அவன் பேரையே போட்டுத் தொலை."

சகாயத்துக்குக் கண் கலங்கியது. "நூறு வாரமா பேரில்லாம எழுதினேன் தாயி" என்றவர், தாளில் ஒரு வரி எழுதி நீட்டினார். "கதவைத் தட்டும் பெண் பாத்திரத்தின் பெயர் வேம்பு."

அதையும் டைப் செய்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு வேம்பு வீட்டுக்கு நடந்தாள்.