ஒரு சொட்டுப் பெட்ரோல் இல்லாமல்

ஈரோட்டில் மஞ்சள் மண்டி வைத்திருந்த குழந்தைவேலுவின் கார் கரண்டிலும் ஓடும், பெட்ரோலிலும் ஓடும். ஆனால் அதை ஒருநாளும் சார்ஜ் போட விடமாட்டார். "இவ்வளவு பெரிய வண்டியைச் செல்போன் மாதிரி சுவத்துல மாட்டி வெச்சா நம்ம கௌரவம் என்னாகறது?" என்பார். அப்புறம் பெட்ரோல் தீரும்போதெல்லாம் டிரைவர் சென்னியப்பனைத்தான் வறுத்தெடுப்பார். எடுத்துச் சொல்லிச் சொல்லிச் சென்னியப்பனுக்கு வாயே வலித்துப்போனது.

அதே மாதிரிக் கார் ஒன்று வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த மைத்துனர் கதிரேசன் ஒருநாள் வந்தார். "தினப்படி ஓட்டத்துக்குத் தோதுப்படுமா மாமா?"

"டவுனுக்குள்ள ஒரு சொட்டுப் பெட்ரோல் குடிக்காது மாப்ள! வா, கோயில் வரைக்கும் போய்க் காட்டறேன்" என்ற முதலாளி, டிரைவர் பக்கம் திரும்பினார். "இன்ஜின் சத்தம் கேட்டுச்சு, இன்னியோட உன் வேலை போச்சு."

பேட்டரியில் சார்ஜே இல்லை. சென்னியப்பன் எரிச்சலை விழுங்கிக்கொண்டு "ஆகட்டுங்க" என்றார். இருவரும் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்ததும், கியரை நியூட்ரலில் போட்டுவிட்டு இறங்கி வந்து கதவைப் பணிவாகத் திறந்துவிட்டார்.

"என்னய்யா?" என்றார் முதலாளி.

"ரெண்டு பேரும் பின்னாடி வந்து கொஞ்சம் கை குடுத்தீங்கன்னா, ஒரு சொட்டுப் பெட்ரோல் இல்லாம கோயிலுக்கே போயிரலாமுங்க."

கதிரேசனுக்குப் புரிந்துவிட்டது. விழுந்து விழுந்து சிரித்தார். "நான் வாங்கிக்கறேன் மாமா. வண்டி மேல ஒரு குறையுமில்ல."

குழந்தைவேலு முகத்தைத் திருப்பிக்கொண்டு இறங்கினார். "அந்த வயரை எடுத்துச் சொருகித் தொலை!"